மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஊர்: கடலூர், சிதம்பரம் வட்டார நடுநிலைப் பள்ளிகள்

அரசு நடுநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது பெயர், பிறந்த தேதி, சாதி, பெற்றோரின் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதன் பிறகு நாள்தோறும் வருகையும் பருவந்தோறும் மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போகின்றன. முன்பு தனித்தனிப் பதிவேடுகளில் கிடந்த இந்தத் தகவல்கள் இன்று ‘எமிஸ்’ என்ற ஒரே தளத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று ஊரில் பேசும்போதும் நாளிதழில் எழுதும்போதும் மதிப்பெண் பக்கத்தை மட்டும்தான் புரட்டுகிறோம். பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது, காலையில் சாப்பிட்டதா, அதன் அம்மா எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார் என்ற பக்கம் மூடியே கிடக்கிறது.

இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்தால், ஒரு நடுநிலைப் பள்ளியின் சராசரி மதிப்பெண் பெரும்பாலும் அங்கே யார் படிக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது என்பது தெரியும். பள்ளி அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதை அது சொல்வதில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன். இங்கே ஊருக்கு ஊர் பின்னணி மாறுகிறது. அந்த மாற்றம் பள்ளிக்குள்ளும் அப்படியே தெரிகிறது.

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்தபோது உருவானது இன்றைய கடலூர் மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதன் மக்கள் 26 லட்சத்துச் சொச்சம்; மூன்றில் இரண்டு பங்கினர் கிராமங்களில் இருந்தார்கள். எழுத்தறிவு 78 விழுக்காடு, அதாவது மாநிலச் சராசரியான 80ஐவிடச் சற்றுக் குறைவு. பெண்களிடையே அது 70 விழுக்காடுதான். பட்டியல் சாதியினர் மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடு என்றால் கடலூரில் 29 விழுக்காடு.

இந்தச் சராசரிகளுக்குள்ளே பல ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. கடலூர் முதுநகரை ஒட்டித் தேவனாம்பட்டினம், சோத்திக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள். தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய கிராமங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடுகள். வீராணம் ஏரியின் பாசனத்தில் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளின் நெல்வயல்கள், அந்த வயல்களில் நாற்று நடும் கூலிக் குடும்பங்கள். சிதம்பரம் நகரின் கிழக்கே 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் கிள்ளையும் பிச்சாவரமும். அங்கே உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே தாலுகா, ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். ஆனால் அவர்கள் ஒரே பள்ளியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அரிது.

மாவட்டத்தின் மக்கள்தொகை விகிதம் பள்ளியின் மாணவர் விகிதமாக இருப்பதில்லை. காலை எட்டு மணிக்கு ஏதாவது ஓர் ஊரின் முச்சந்தியில் நின்றால் காரணம் புரியும். தனியார் பள்ளிகளின் மஞ்சள் வண்டிகள் வரிசையாக வந்து கொஞ்சமாவது பணம் புரட்ட முடிந்த வீடுகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்த வண்டியில் ஏற முடியாதவர்கள் நடந்துபோகும் இடம்தான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒரே வீட்டில் பையனை வண்டியில் அனுப்பிவிட்டுப் பெண்ணை நடக்கவிடும் வழக்கமும் இருக்கிறது. தனியார் பள்ளிச் சேர்க்கையில் ஆண் பிள்ளைகளின் பங்கு கூடுதலாக இருப்பதை ஏசர் போன்ற கள ஆய்வுகள் நாடு முழுவதும் தொடர்ந்து பதிவுசெய்திருக்கின்றன. ஆக, அரசு நடுநிலைப் பள்ளியின் வகுப்பறையில் இருப்பவர்கள் ஊரின் மாதிரி அல்லர். வறுமை, சாதி, பாலினம் என்ற மூன்று சல்லடைகளையும் தாண்டி அங்கே வந்துசேர்ந்தவர்கள். அவர்களின் மதிப்பெண்ணைத் தனியார் பள்ளியின் மதிப்பெண்ணோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது நியாயம் ஆகாது.

இதற்கு நல்ல சான்று பக்கத்து மாநிலத்திலேயே உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் கிராமங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், தனியார் பள்ளியில் படிக்கக் குலுக்கல் முறையில் சில பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் அவர்களுக்கும் அரசுப் பள்ளியிலேயே தங்கியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். தனியார் பள்ளியின் செலவு அரசுப் பள்ளியைவிட மிகக் குறைவாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வெளியே தெரியும் மதிப்பெண் இடைவெளியில் பெரும் பகுதி வீட்டிலிருந்தே வருவது என்பது அதில் உறுதியானது. அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கையும் இதே திசையைத்தான் காட்டியது.

அப்படியானால் பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று பொருளா? இல்லை என்பதற்குச் சிதம்பரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது.

நந்தனார் பெயரில் ஒரு பள்ளி

சிதம்பரம் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆறுமுக நாவலர் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1864இல். பச்சையப்பன் அறக்கட்டளையின் பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு வந்துவிட்டது. ஆனால் பள்ளிகள் இருந்த ஊரில் அவற்றின் வாசல் எல்லாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை. ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் பாடம் கேட்டுத் துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்துக்கு வந்து 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகமும் பள்ளியும் தொடங்கினார். தில்லைக்குள் நுழையத் தவங்கிடந்த நந்தனாரின், அதாவது திருநாளைப்போவாரின் பெயரை, அவர் பிறந்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நுழையும் ஒரு கட்டடத்துக்கு அவர் வைத்தார்.

இன்றைய ஆய்வுமொழியில் சொன்னால், மாணவர் பின்னணி மிக மோசமான பள்ளி அது. பெற்றோர் எல்லாரும் பண்ணைக் கூலிகள், வீட்டில் எழுத்து அறிந்தவர் இல்லை, நிலம் இல்லை. சகஜானந்தர் என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். பாடம் மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைச் சேரிக்குத் திருப்பி அனுப்பவில்லை. தங்க இடம் கொடுத்தார், சோறு போட்டார், துணி கொடுத்தார். ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். சட்டமன்றத்துக்குள் போய் நிதிக்கும் நிலத்துக்கும் வாதாடினார். காந்தி இரண்டு முறை வந்து பார்த்த இடம் அது. 1959இல் சகஜானந்தர் மறைந்தபோது அந்த நிறுவனத்தில் படித்து வெளியேறிய தலைமுறை ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் மாவட்டமெங்கும் பரவியிருந்தது. இன்று அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்று அவை தொடர்கின்றன.

பள்ளியின் வேலை நேரம் ஆறு மணி நேரம். மீதிப் பதினெட்டு மணி நேரத்தில் பிள்ளை இருக்கும் இடம்தான் மதிப்பெண்ணைப் பெரிதும் முடிவுசெய்கிறது. நந்தனார் பள்ளி அந்தப் பதினெட்டு மணியையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இதைச் செய்யாமல் ஆசிரியரைப் பார்த்து மட்டும் ‘ஏன் தேர்ச்சி குறைவு’ என்று கேட்பது சரியான கேள்வி ஆகாது.

இதே பிள்ளைகளுக்கென அரசும் தனிப் பள்ளிகள் நடத்தியது. சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை தொடங்கிய ஆதிதிராவிடர் பள்ளிகள் பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாகி, இன்று தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 1,100 இருக்கின்றன. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த நில அமைப்பு. பல இடங்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஊருக்குள்ளும் நலப் பள்ளி காலனிக்குள்ளும் நிற்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மாணவர் பின்னணி என்பது ஒரு புள்ளிவிவரம் மட்டும் அன்று. அது தெருவின் வரைபடம். நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவருவதாக 2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தபோது, தலித் இயக்கங்களுக்குள்ளேயே ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. தனித் துறை இருப்பதால் தனிக் கவனம் கிடைக்கும் என்பது ஒரு தரப்பு. தனித் துறை இருப்பதே புறக்கணிப்புக்கு வசதியாகிவிட்டது என்பது மறு தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் விடுதிகளையும் நலத்துறை நிதியையும் கைகழுவிவிட்டு இணைப்பதாக இருந்தால் அந்த இணைப்பு வேண்டாம்.

மதிப்பெண் எதை அளக்கிறது

1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. இந்த 40இல் பாதி, பிள்ளை செய்யும் செயல்பாடுகளுக்கு ஆசிரியர் தரும் மதிப்பெண்; மீதிப் பாதி சிறு தேர்வுகளுக்கு. திட்டம் நல்ல திட்டம். ஆனால் செயல்பாட்டுக்கான மதிப்பெண்ணைக் குறைத்துப் போட எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. எனவே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் சரளமாகப் படிக்கும் பிள்ளையும் பட்டியலில் அருகருகே வந்து நிற்கிறார்கள். 8ஆம் வகுப்புவரை எல்லாருக்கும் தேர்ச்சி உண்டு. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்த அரசு, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது, கைவிட்டது சரியே. பொதுத்தேர்வு வந்திருந்தால் 8ஆம் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு நின்றிருக்கக்கூடியவர்கள் யார் என்பது மேலே சொன்ன மக்கள்தொகைக் கணக்கிலேயே இருக்கிறது.

ஆனால் தேர்வு வேண்டாம் என்பதும் நிலை தெரிய வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. 2022ஆம் ஆண்டுக்கான ஏசர் அறிக்கை, தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 4.8 விழுக்காட்டினரே 2ஆம் வகுப்புப் பாடத்தைப் படித்தார்கள் என்றது. 2018இல் அது 10.2 விழுக்காடு. பள்ளிகள் ஓராண்டுக்கும் மேலாக மூடிக்கிடந்த பெருந்தொற்றுக்குப் பிந்திய கணக்கு இது. அன்று 3ஆம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தாம் 2025இல் 6ஆம் வகுப்புக்கு வந்தவர்கள். மாநிலத் திட்டக்குழு 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவுத் தேர்வு நடத்தி, ஏசர் காட்டிய படம் முழுமையானதல்ல என்றது. எந்தக் கணக்கு சரி என்ற விவாதம் நடக்கட்டும். 6ஆம் வகுப்பில் தமிழ்ப் பத்தி ஒன்றைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள் என்பதில் எந்த ஆசிரியருக்கும் சந்தேகம் இல்லை. அவர்களுக்கென்றே 2025-26இல் ‘திறன்’ என்ற பெயரில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குத் தனிப் பயிற்சி தொடங்கியதும் இதனால்தான்.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் போட்டியிட்டு எழுதும் வெளித்தேர்வு என்றால் முதலில் நினைவுக்கு வருவது என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வுதான். 8ஆம் வகுப்பில் எழுதுவது. தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனுக்கு 90 கேள்விகள், படிப்புத்திறனுக்கு 90 கேள்விகள். ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் தேறிவிட்டால் வாசலில் பதாகை கட்டுகிறார்கள். அந்தப் பெருமிதம் நியாயமானது. மாலையில் ஐந்தரை மணிவரை உட்காரவைத்து, தம் கைக்காசில் பழைய வினாத்தாள்களை நகலெடுத்துக் கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் பலர். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் நான்கைந்து பேரைப் பொறுக்கி எடுத்துத்தான் பயிற்சி கொடுக்க முடிகிறது. பின்தங்கிய இருபது பேருக்கு அந்த மாலை நேரம் கிடைப்பதில்லை.

6ஆம் வகுப்பு என்ற திருப்பம்

நடுநிலைப் பள்ளியைப் பற்றிய ஆய்வு எதுவானாலும் 6ஆம் வகுப்பில்தான் நிதானித்து நிற்க வேண்டும். 1 முதல் 8 வரை ஒரே வளாகம்தான். ஆனால் 5க்கும் 6க்கும் நடுவில் பிள்ளையின் வாழ்க்கை ஓசையில்லாமல் மாறுகிறது.

முதலில் சோறு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. அது தொடங்கியபோதே 1 முதல் 5 வரை என்றுதான் வரையறுத்தார்கள். நடுநிலைப் பள்ளியில் இதன் பொருள் என்ன என்று நேரில் பார்த்தால்தான் உறைக்கும். காலை எட்டேகால் மணிக்குத் தாழ்வாரத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு சாப்பிடுகிறார்கள். தம்பியைக் கையில் பிடித்து அழைத்துவந்த 6ஆம் வகுப்பு அக்கா, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை தூண் ஓரமாக நிற்கிறாள். போன ஏப்ரல்வரை அவளும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவள்தான். நாற்று நடவுக்கு அம்மா ஆறு மணிக்கே போய்விடும் வீட்டில் அவளுக்கு முதல் உணவு மதியம் சத்துணவுதான். காலை முதல் இரண்டு பாடவேளைகளில் பெரும்பாலும் கணக்கு வைக்கிறார்கள். ஒரு பதினொரு வயதுப் பெண் வெறும் வயிற்றோடு பின்னங்களைக் கூட்டக் கற்கும் நேரம் அது. அவளுடைய கணக்கு மதிப்பெண்ணை ஆராய்பவர் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

அடுத்தது ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்பது குறைந்தபட்சம். ஐந்து பாடங்களை மூன்று பட்டதாரி ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். தாவரவியல் படித்தவர் இயற்கணிதம் நடத்துகிறார். தமிழ் படித்தவர் ஆங்கிலமும் நடத்துகிறார். 2012க்குப் பிறகு ஆங்கிலவழிப் பிரிவும் சேர்ந்துகொண்ட பள்ளிகளில், ஒரே அறையில் ஒரு பாதிக்குத் தமிழ்வழிப் புத்தகமும் மறு பாதிக்கு ஆங்கிலவழிப் புத்தகமுமாக ஒரே ஆசிரியர் நடத்துவதும் உண்டு. எமிஸ் பதிவுகள், நலத்திட்டப் பொருட்களை வாங்கிவருவது, வாக்காளர் பட்டியல் வேலை இவையெல்லாம் அதே மூவர் தலையில்தான். பணியிடங்களை ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் பெண்ணுக்கு ஒன்றரைக் குழந்தை என்ற அளவுக்கும் கீழே போய்விட்டது. மஞ்சள் வண்டி வேறு வருகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார். ஆசிரியர் போனால் இன்னும் நான்கு வீடுகள் வண்டிக்கு மாறுகின்றன. கடைசியில் தங்கியிருப்பவர்கள் வேறு வழியே இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குத்தான் கூடுதல் ஆசிரியர் தேவை; அவர்களிடமிருந்துதான் ஆசிரியர் எடுக்கப்படுகிறார்.

எதிர்த் திசையிலும் ஒரு நகர்வு நடக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியலுக்கும் நீண்டது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப்பெண் திட்டம், அதேபோல் 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. விவரம் தெரிந்த பெற்றோர் 5ஆம் வகுப்புவரை தனியார் பள்ளியில் வைத்திருந்துவிட்டு 6இல் அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனால் அவர்கள் சிதம்பரம், கடலூர் நகரங்களின் பெரிய மேல்நிலைப் பள்ளிகளைத்தான் தேடிப் போகிறார்கள். அதே சமயத்தில் கிராம நடுநிலைப் பள்ளியின் நன்றாகப் படிக்கும் 5ஆம் வகுப்புப் பிள்ளையும் டி.சி. வாங்கிக்கொண்டு அங்கேயே போகிறது. பிறகு அந்தப் பள்ளியின் 8ஆம் வகுப்புச் சராசரி இறங்கிவிட்டது என்கிறோம். பள்ளி மோசமானதால் இறங்கிய சராசரி அன்று அது. பிள்ளைகள் மாறியதால் இறங்கியது.

பெற்றோரைப் பற்றிய நம் கணிப்பையும் திருத்திக்கொள்ள வேண்டும். ‘படிக்காத பெற்றோர்’ என்று இன்னும் எழுதுகிறோம். இன்று 6ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் தாய் 1990ஐ ஒட்டிப் பிறந்தவர். அவர் பள்ளிக்குப் போனவர்தான். எட்டாவதோ பத்தாவதோ படித்து நின்றவர். தன் பெண் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று திடமாக நினைப்பவர். ஆனால் முழுக்களின் பெருக்கலில் குறியீடு ஏன் மாறுகிறது என்று அவரால் சொல்லித்தர முடியாது. மாதம் ஐந்நூறு கொடுத்துத் தனிப்பயிற்சிக்கு அனுப்பவும் முடியாது. ஆசை இருக்கிறது, ஆசையை மதிப்பெண்ணாக மாற்றும் உதவி வீட்டில் இல்லை. பெற்றோர் கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ போய்விட்ட வீடுகளில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிதான் எழுத்தறியாத அந்த முந்தைய தலைமுறை.

இந்த இடைவெளியை நிரப்ப முடியும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பெருந்தொற்றில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் நான்கில் ஒரு பங்குக்குக் காரணம், தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தந்த அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் என்று அவர்கள் கணித்தார்கள். அந்தத் தன்னார்வலர்கள் யார்? பெரும்பாலும் அதே தெருவில், பட்டம் வாங்கிவிட்டு வேலையின்றி வீட்டில் இருந்த பெண்கள். மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் திண்ணையில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். பள்ளிக்கு வெளியே உள்ள பதினெட்டு மணி நேரத்தில் ஓரிரு மணி நேரம் பிள்ளைக்குக் கிடைத்ததன் பலன் இது.

வருகைப் பதிவேட்டின் சிவப்புக் கட்டங்கள்

எனக்குத் தெரிந்தவரை ஒரு நடுநிலைப் பள்ளியில் மிகுதியாக உண்மை பேசும் ஆவணம் வருகைப் பதிவேடு. மதிப்பெண்ணில் தாராளம் காட்டலாம். தொடர்ந்து வராத பிள்ளையை மறைப்பது கடினம். கடலூர் மாவட்டத்தில் அதைப் படிப்பவர் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பருவம் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. வடகிழக்குப் பருவமழையும் அதே மூன்று மாதங்கள்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30இல் கரையேறிய ஃபெஞ்சலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எல்லாமே அந்த மூன்று மாதங்களுக்குள் விழுந்தவை. மழை விடுமுறை எல்லாருக்கும் பொது. ஆனால் விடுமுறை முடிந்தும் வராதவர்கள் யார் என்று பாருங்கள். புத்தகம் நனைந்துபோன குடிசை வீட்டுப் பிள்ளை. வலை கிழிந்துபோன மீனவர் வீட்டுப் பிள்ளை. நிவாரண முகாமான பள்ளியிலேயே இரண்டு வாரம் படுத்திருந்து, அதன் பிறகு வீடு சரிசெய்ய அப்பாவோடு நின்றுவிட்ட பையன்.

கிள்ளைப் பகுதி இருளர் பிள்ளைகளின் வருகை தனிக் கதை. மாவட்ட மக்கள்தொகையில் பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே எந்தச் சராசரியிலும் அவர்கள் தென்படுவதில்லை. ஓதத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து இறால் பிடிக்கப் போகும் பெற்றோருக்குப் பள்ளியின் மணியும் கழியின் நேரமும் பொருந்துவதில்லை. இதற்குமேல் சாதிச் சான்று. பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியர் தருவார். பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர்வரை போக வேண்டும். விசாரணை, அலைச்சல், காத்திருப்பு. சான்று இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகையும் விடுதி இடமும் தள்ளிப்போகின்றன. 8ஆம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்கு மாற வேண்டிய நேரத்தில் அது முழுத் தடையாகவே வந்து நிற்கிறது. படிப்பு ஏறவில்லை என்று அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுவதற்கு முன் அதன் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பின்னணி என்பது வீட்டிலிருந்து மட்டும் வருவதும் அன்று, வகுப்பறைக்குள்ளும் உருவாகிறது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களை வைத்து கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2000களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சாதி தெரியாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் புதிர்ப்பாதைகளைக் கிட்டத்தட்டச் சமமாகவே விடுவித்தார்கள். ஒவ்வொருவரின் சாதியையும் எல்லார் முன்பும் வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட பையன்கள் விடுவித்த எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. அதே போன்ற பையன்கள், அதே அறிவு. ஒரு சொல் காதில் விழுந்ததும் கை தளர்ந்துவிட்டது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்து ‘எஸ்.சி. பிள்ளைகள் எழுந்திருங்க’ என்று சொல்லும் பழக்கம் நம் பள்ளிகளில் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, பதிவேட்டில் சாதி வெளிப்படக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. சாதியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை கேட்பதற்கும் அந்தப் பரிந்துரைக்கும் முரண் இல்லை. அலுவலகத்தின் கணக்கில் அது இருக்கட்டும். வகுப்பறையின் வாயில் வேண்டாம்.

காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலை ஆகியவற்றை ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழு, 1969இல் தன் அறிக்கையை அளித்தது. இந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் நாடு முழுவதும் சுற்றிப் பள்ளிகளின் வாசலில் நடப்பதை எழுதிவைத்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது. அன்று அவருக்குக் கிடைக்காத வசதி இன்று நமக்கு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் நிலையும் கணினியில் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியதில் பெரும் பகுதி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. 6ஆம் வகுப்பில் நுழையும் ஜூன் மாதத்தில் பிள்ளை எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு கணக்குப் போடுகிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். 8 முடியும் ஏப்ரலில் அதே பிள்ளையை மீண்டும் பார்க்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்களைத் தனியே காட்ட வேண்டும். அந்தத் தூரம்தான் பள்ளியின் மதிப்பெண். அந்தக் கணக்கில் கிள்ளைப் பக்கத்து ஒரு சின்னப் பள்ளி, மாவட்டத் தலைநகரின் பெயர்பெற்ற பள்ளியை முந்திவிட வாய்ப்பு உண்டு. ஆசிரியர் எண்ணிக்கையை ஆகஸ்ட் 1ஆம் தேதித் தலைகளை மட்டும் எண்ணி நிர்ணயிக்காமல், பின்தங்கி வந்த பிள்ளைகளின் விகிதத்தையும் சேர்த்து நிர்ணயித்தால், தேவை மிகுந்த பள்ளியிலிருந்து ஆசிரியரைப் பிடுங்கும் கொடுமை நிற்கும். காலை உணவை நடுநிலைப் பள்ளிகளில் 8ஆம் வகுப்புவரை நீட்ட அடுப்பும் பாத்திரமும் சமைப்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். வேண்டியது அரிசியும் ரவையும் ஓர் அரசாணையும். பருவமழைக்குப் பிறகு இரண்டு வாரம் வராத பிள்ளைகளின் பட்டியல், டிசம்பர் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக வர வேண்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.